பந்து ஏன் வெளியே போகிறது? டென்னிஸ் அடிப்படை, முதலிலிருந்து

டென்னிஸ் மட்டையை முதன்முதலாகக் கையில் எடுக்கிற எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே அனுபவம்தான். முதல் பந்து நேராக வலையில் போய் விழும். சரி, கொஞ்சம் தூக்கி அடிப்போம் என்று அடித்தால் அடுத்த பந்து எதிர்ப்பக்க வேலியில் போய் மோதும். பத்து நிமிடம் இப்படியே போனதும் பக்கத்தில் நிற்கிறவர்கள் யோசனை சொல்ல ஆரம்பிப்பார்கள். "கையில் பலம் போதவில்லை." "மணிக்கட்டைச் சுழற்று." "பந்தையே பார்." இந்த மூன்றில் முதல் இரண்டும் தவறு. மூன்றாவது சரிதான், ஆனால் பந்தைப் பார்த்துக்கொண்டே அதை வெளியே அடிக்கவும் முடியும் என்பதால் அது மட்டும் போதாது.

நான் டென்னிஸ் கற்றுக்கொள்ள ஆரம்பித்தது வேலைக்குப் போன பிறகு. முதல் ஒரு வருடம் மணிக்கட்டைச் சுழற்றச் சொன்னவர்கள் பேச்சைக் கேட்டு, மணிக்கட்டில் வலி வந்ததுதான் மிச்சம்; பந்து அப்போதும் வெளியேதான் போனது. பந்து ஏன் வெளியே போகிறது என்று யாரும் சொல்லவில்லை. அது புரிந்த பிறகு மட்டையை எப்படிப் பிடிப்பது, எங்கே நிற்பது, எப்படி வீசுவது என்பதெல்லாம் தானாகவே ஒன்றோடொன்று பொருந்தி வந்தது. அதனால் இந்தக் கட்டுரையில் அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டே போகப் போகிறேன்.

கோர்ட்டை முதலில் அளந்து பார்ப்போம்

டென்னிஸ் கோர்ட்டின் நீளம் 23.77 மீட்டர். ஒருவருக்கு ஒருவர் ஆடும்போது அகலம் 8.23 மீட்டர், இரண்டு பேருக்கு இரண்டு பேர் என்றால் இருபுறமும் உள்ள பட்டைகளையும் சேர்த்து 10.97 மீட்டர். நடுவில் வலை. நாம் பெரும்பாலும் நிற்கிற பின்கோட்டுக்குப் பேஸ்லைன் என்று பெயர். அங்கிருந்து வலை வரை கிட்டத்தட்ட 12 மீட்டர், வலையிலிருந்து எதிராளியின் பேஸ்லைன் வரை இன்னொரு 12 மீட்டர்.

வலை ஒரே உயரம் கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. இரண்டு ஓரக் கம்பங்களிலும் 1.07 மீட்டர் உயரம் இருக்கும் வலை, நடுவில் ஒரு பட்டையால் கீழே இழுத்துக் கட்டப்பட்டு 0.914 மீட்டராக இறங்குகிறது. அதாவது நடுவில் சுமார் 16 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், பின்னால் பயிற்சியைப் பற்றிப் பேசும்போது திரும்பவும் வரும்.

ஆட்டத்தின் விதியைச் சொல்வதென்றால், பந்து உங்கள் பக்கம் ஒரு முறைக்கு மேல் குதிப்பதற்குள் அதை வலைக்கு மேலாக எதிர்ப்பக்கக் கோடுகளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். தரையில் படுவதற்கு முன்பே அடித்தாலும் சரி. கோட்டில் பந்தின் ஓரம் பட்டாலே அது உள்ளேதான்.

ஆக, ஒவ்வொரு அடியிலும் பந்துக்கு இரண்டு தேர்வு இருக்கிறது: வலையைத் தாண்ட வேண்டும், பிறகு 12 மீட்டருக்குள் கீழே இறங்க வேண்டும். புதிதாக ஆடுகிறவர்கள் முதல் தேர்வையே நினைத்துக்கொண்டிருப்பார்கள். உண்மையில் கடினமானது இரண்டாவது.

வேகம் கூடும்போது என்ன நடக்கிறது

செடிக்குத் தண்ணீர் விடும் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். குழாயைக் கிடையாக நீட்டினால், தண்ணீர் மெதுவாக வரும்போது காலடியிலேயே விழும். வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்தால் வேகம் கூடி எங்கேயோ போய் விழும். குழாயின் உயரமும் கோணமும் மாறவில்லை, வேகம் மட்டும்தான் மாறியது. டென்னிஸ் பந்துக்கும் இதுவேதான்.

ஏன் என்றால், புவியீர்ப்பு வேகமான பந்து, மெதுவான பந்து என்று பார்ப்பதில்லை. கிடையாகப் போகும் எந்தப் பந்தும் ஒரு மீட்டர் கீழே இறங்க எடுத்துக்கொள்ளும் நேரம் சுமார் 0.45 நொடி. மெதுவான பந்து அந்த நேரத்துக்குள் கொஞ்ச தூரம் போகும், வேகமான பந்து நிறைய தூரம் போய்விடும்.

கணக்காகவே போட்டுப் பார்ப்போம். காற்றின் தடையை இப்போதைக்கு விட்டுவிடலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பந்து வலையின் விளிம்புக்கு ஒரு மீட்டர் மேலே கிடையாகப் பறக்கிறது என்றால், அது வலையிலிருந்து 9 மீட்டருக்குள் தரையைத் தொட்டுவிடும். பேஸ்லைனுக்கு இன்னும் 3 மீட்டர் மிச்சம். அதே பந்து அதே உயரத்தில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 17 மீட்டர் தாண்டித்தான் விழும். கோட்டைவிட்டு 5 மீட்டர் வெளியே. அந்த 100 கிலோமீட்டர் பந்து உள்ளே விழ வேண்டுமானால் வலையின் விளிம்பை உரசிக்கொண்டு போக வேண்டும், அப்போதும் கணக்குப்படி பேஸ்லைன் மேலேயே போய்தான் விழுகிறது. நிஜத்தில் காற்று பந்தின் வேகத்தைக் குறைப்பதால் இந்தத் தூரங்கள் எல்லாமே கொஞ்சம் சுருங்கும், ஆனால் நிலைமை மாறாது.

இதை நிதானமாக இன்னொரு முறை படித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்வேன், ஏனென்றால் மொத்தக் கட்டுரையும் இதன் மேல்தான் நிற்கிறது. பலமாக அடிக்க அடிக்க, வலைக்கு மேலே நமக்குக் கிடைக்கும் இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது. 50 கிலோமீட்டரில் ஒரு மீட்டருக்கு மேல் தாராளமாக இடம் இருந்தது. 100 கிலோமீட்டரில் எதுவுமே இல்லை. "கையில் பலம் போதவில்லை" என்ற யோசனை ஏன் தவறு என்பது இதிலிருந்தே தெரியும்: பலத்தைக் கூட்டினால் பிழைக்கான இடம்தான் குறையும்.

அப்படியானால் தொலைக்காட்சியில் ஆடுகிறவர்கள் நாம் நினைத்துப் பார்க்க முடியாத வேகத்தில் அடித்தும், பந்து வலைக்கு மேலே ஒரு மீட்டருக்கும் கூடுதலாக உயர்ந்து போய், கடைசி நேரத்தில் கோட்டுக்குள் குப்புற விழுகிறதே, அது எப்படி? புவியீர்ப்பால் மட்டும் அது முடியாது. வேறொன்று பந்தைக் கீழே தள்ள வேண்டும்.

டாப்ஸ்பின்: பந்தைக் கீழே தள்ளும் இரண்டாவது விசை

சாலையில் முன்னால் போகும் சைக்கிளின் சக்கரத்தைப் பாருங்கள். சக்கரத்தின் மேல்பகுதி சைக்கிள் போகும் திசையிலேயே சுழல்கிறது. பந்தும் காற்றில் அதே மாதிரி முன்னோக்கி உருண்டுகொண்டே பறந்தால் அதற்கு டாப்ஸ்பின் என்று பெயர். எதிர்த்திசையில், அதாவது மேல்பகுதி பின்னோக்கிச் சுழன்றால் அது ஸ்லைஸ்.

டென்னிஸ் பந்தின் மேல் கம்பளியும் நைலானும் கலந்த மெத்தென்ற துணி ஒட்டப்பட்டிருக்கிறது. அந்தத் துணியின் நுண்ணிய இழைகள் பக்கத்தில் உள்ள காற்றைப் பிடித்துத் தங்களோடு இழுத்துக்கொண்டு சுழலும். டாப்ஸ்பின்னோடு போகும் பந்து, தன்னைக் கடந்து பின்னால் போகிற காற்றைக் கொஞ்சம் மேல்நோக்கித் திருப்பிவிடுகிறது. படகில் உட்கார்ந்துகொண்டு கரையைக் காலால் தள்ளினால் படகு எதிர்ப்பக்கம் நகரும் அல்லவா? அதே மாதிரி காற்றை மேலே தள்ளிய பந்து கீழே தள்ளப்படுகிறது. ஸ்லைஸ் பந்தில் இது தலைகீழ்: காற்று கீழே போகும், பந்து மிதக்கும்.

இதற்கு மாக்னஸ் விளைவு என்று பெயர். 1850களில் இதை ஆராய்ந்த ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ரிச் குஸ்டாவ் மாக்னஸின் பெயரால் வந்தது. ஆனால் அவருக்கும் வெகுமுன்னால், 1672-ல் ஐசக் நியூட்டன் ஒளியைப் பற்றி எழுதிய ஒரு கடிதத்தில், மட்டையைச் சாய்த்து அடித்த டென்னிஸ் பந்து வளைந்து போவதைத் தான் அடிக்கடி பார்த்திருப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறார். அவர் காலத்து டென்னிஸ் சுவர்களுக்கு நடுவே ஆடப்பட்ட பழைய வடிவம். இன்று நாம் ஆடும் புல்தரை வழிவந்த டென்னிஸ் 1870களில்தான் உருவானது. ஆனாலும் அந்தப் பந்து வளைந்த காரணமும் உங்கள் பந்து வளையும் காரணமும் ஒன்றுதான். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் ஒரு சந்தோஷம் வரும்.

இந்தச் சுழற்சி எவ்வளவு இருக்கும் என்று கேட்டால், ஸ்பெயின் ஆட்டக்காரர் ரஃபேல் நடாலின் ஃபோர்ஹேண்டை, அதாவது மட்டை பிடித்த கைப்பக்கம் வரும் பந்தை அவர் அடிப்பதை, அதிவேகக் கேமராவில் எடுத்து அளந்தபோது சராசரியாக நிமிடத்துக்குச் சுமார் 3,200 சுற்று வந்தது. நமக்கு அதில் கால்வாசி கிடைத்தாலே ஆட்டம் மாறிவிடும்.

டாப்ஸ்பின் இன்னொரு வேலையும் செய்கிறது. தரையில் பட்டதும் பந்து மேலெழும்பி முன்னால் பாயும், எதிராளி தோள் உயரத்தில் சங்கடப்பட்டு அடிக்க வேண்டியிருக்கும். ஸ்லைஸ் பந்து தாழ்வாகவே சறுக்கிக்கொண்டு போகும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: வேகமான பந்துக்குக் கீழே இறங்க நேரம் கிடைப்பதில்லை. டாப்ஸ்பின் கொடுத்தால் காற்றே அதைக் கீழே தள்ளுகிறது. அதனால் வலைக்கு மேலே உயரமாகவும் அடிக்கலாம், கோட்டுக்குள்ளும் விழும்.

மணிக்கட்டு என்னும் தவறான நம்பிக்கை

அடுத்த கேள்வி, இந்தச் சுழற்சியை எப்படிக் கொடுப்பது? இங்கேதான் டென்னிஸில் பரவலாக இருக்கும் தவறான யோசனை வருகிறது. பந்தை அடிக்கும்போது மணிக்கட்டைத் திருப்பி, மட்டையைப் பந்தின் மேல் "கவிழ்க்க" வேண்டும் என்பார்கள். தொலைக்காட்சியில் பார்த்தாலும் அப்படித்தான் தெரியும். அடித்து முடித்தபின் மட்டை தரையைப் பார்த்துக் கவிழ்ந்துதான் இருக்கும்.

ஆனால் பந்து மட்டையின் ஸ்ட்ரிங்குகளோடு, அதாவது குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய நரம்புகளோடு, ஒட்டியிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் நான்கைந்து பங்குதான். கண் இமைக்கும் நேரம் இதைவிட இருபது மடங்குக்கும் மேல். இந்த நேரத்துக்குள் பந்தின் மேல் எதையும் கவிழ்க்க எந்த மனிதராலும் முடியாது. நாம் திரையில் பார்க்கும் கவிழ்ப்பு பந்து போய்விட்ட பிறகு, கையின் வேகம் அடங்குவதற்காக நடப்பது. அதைப் பார்த்துவிட்டு அதுதான் காரணம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

உண்மையில் நடப்பது வேறு. ஒரு ஜன்னல் கண்ணாடியைத் துணியால் கீழிருந்து மேலாகத் துடைப்பதை நினைத்துப் பாருங்கள். கை மேலே போகிறது, ஆனால் உள்ளங்கை கண்ணாடியைப் பார்த்தபடியே நேராக இருக்கிறது. டாப்ஸ்பின் அடியும் அதேதான். பந்தைத் தொடும் நொடியில் மட்டையின் முகம் கிட்டத்தட்ட நேர்குத்தாக நிற்க வேண்டும். மட்டை பந்தைவிடத் தாழ்வாக ஆரம்பித்து, முன்னாலும் மேலாகவும் போய் முடிய வேண்டும். ஸ்ட்ரிங்குகள் பந்தின் பின்புறத்தை மேல்நோக்கித் தடவிக்கொண்டு போவதால் பந்து உருள ஆரம்பிக்கிறது. எவ்வளவு செங்குத்தாகத் தடவுகிறோமோ அவ்வளவு சுழற்சி. எவ்வளவு நேராக மோதுகிறோமோ அவ்வளவு வேகம். ஒவ்வொரு அடியும் இந்த இரண்டையும் வெவ்வேறு அளவில் கலப்பதுதான்.

முகம் கொஞ்சம் வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தால்? பந்து உயரப் பறந்து வெளியே போகும். புதியவர்களின் பந்து வேலிக்குப் போவதற்கு முக்கியக் காரணம் இதுதான். மணிக்கட்டைச் சுழற்றச் சொல்வது ஆபத்தாவதும் இதனால்தான்: சுழலும் மணிக்கட்டோடு மட்டையின் முகம் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு கோணத்தில் பந்தைச் சந்திக்கும். ஒன்று வலை, ஒன்று வேலி, நடுவில் எப்போதாவது ஒன்று உள்ளே.

பலம் எங்கிருந்து வருகிறது

துவைத்த ஈரத்துணியை உதறுகிறவரைக் கவனித்திருப்பீர்கள். கை சாதாரண வேகத்தில்தான் அசையும், துணியின் நுனி மட்டும் படீர் என்று சத்தம் போடும். அசைவு பெரிய பகுதியில் தொடங்கி நுனிக்குப் போகும்போது வேகம் பெருகுகிறது. டென்னிஸில் அந்தப் பெரிய பகுதி கால்கள். கால் தரையை உந்துகிறது, இடுப்பு திரும்புகிறது, பிறகு தோள், பிறகு கை, கடைசியாகத்தான் மட்டை. தோளைத் திருப்பாமல் கையால் மட்டும் அடிக்கிறவர் துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டு உதறுகிற மாதிரி. முழங்கையில் வலி வரும், பந்தில் வேகம் வராது.

அதனால் பந்து வருகிறது என்று தெரிந்ததுமே செய்ய வேண்டிய முதல் வேலை மட்டையைப் பின்னால் இழுப்பது இல்லை, தோளைத் திருப்புவது. தோள் திரும்பினால் மட்டை தானாகவே பின்னால் போய்விடும். மட்டையை இறுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். இறுகிய கையில் அசைவு தேங்கி நின்றுவிடும்.

பிடியைப் பற்றி நிறையப் பேச்சு இருக்கிறது. டென்னிஸ் மட்டையின் கைப்பிடி வட்டமாக இருக்காது, எட்டுப் பட்டைகள் கொண்டது. ஆள்காட்டி விரலின் அடி முட்டி எந்தப் பட்டையில் உட்காருகிறது என்பதை வைத்துத்தான் பிடிகளுக்குப் பெயர். ஆரம்பத்துக்கு இரண்டு தெரிந்தால் போதும். உள்ளங்கையை ஸ்ட்ரிங்குகளின் மேல் தட்டையாக வைத்து, அப்படியே கீழே இறக்கிக் கைப்பிடியைப் பிடித்தால் வருவது ஈஸ்டர்ன் பிடி; ஃபோர்ஹேண்டுக்கு இது நல்ல தொடக்கம், ஏனென்றால் உள்ளங்கை பார்க்கும் பக்கம்தான் மட்டையின் முகமும் பார்க்கும். சுத்தியலைப் பிடிக்கிற மாதிரி பிடித்தால் அது கான்டினென்டல்; புள்ளியைத் தொடங்கிவைக்கும் அடியான சர்வுக்கும், பந்து தரையில் படும் முன்பே வலைக்குப் பக்கத்தில் தட்டி அனுப்பும் வாலிக்கும் இது. உடம்பின் மறுபக்கம் வரும் பந்தை அடிக்கும் பேக்ஹேண்டுக்கு இரண்டு கையாலும் பிடிப்பது புதியவர்களுக்கு எளிது. கீழ்க்கையைக் கான்டினென்டலில் வைத்து மேல்கையால் ஒரு ஃபோர்ஹேண்ட் அடிப்பதாக நினைத்துக்கொண்டால் சீக்கிரம் பிடிபடும்.

எந்தப் பிடியானாலும் பந்தை உடம்புக்கு முன்னால், இடுப்பு உயரத்தில் சந்திக்க வேண்டும். உடம்புக்குப் பக்கத்திலோ பின்னாலோ சந்தித்தால் கால், இடுப்பு, தோள் சேர்த்துக் கொடுத்த வேகமெல்லாம் வீணாகிவிடும். இதற்குத்தான் கால்கள். எதிராளி பந்தை அடிக்கும் அந்தக் கணத்தில், முழங்காலை லேசாக மடக்கி இரண்டு காலாலும் ஒரு சின்னக் குதி குதித்து இறங்குவார்கள். இதற்கு ஸ்பிளிட் ஸ்டெப் என்று பெயர். ஓடும் பஸ்ஸில் நிற்கிறவர் எந்தப் பக்கம் ஆட்டினாலும் சமாளிக்கும்படி முழங்காலைத் தளர்த்தி நிற்கிற மாதிரிதான் இது. குதித்து இறங்கும் கால் உடனே எந்தப் பக்கமும் உந்தத் தயாராக இருக்கும், சும்மா நிற்கும் கால் இருக்காது. பார்க்க ஒன்றுமில்லாதது போல இருக்கும் இந்தக் குதியை எந்தப் பெரிய ஆட்டக்காரரும் விடுவதில்லை. வேறு எதையும் கவனிக்காவிட்டாலும் அடுத்த முறை போட்டி பார்க்கும்போது அவர்கள் காலை மட்டும் ஐந்து நிமிடம் பாருங்கள்.

சுருக்கமாக: தோளைத் திருப்பு, பந்தை முன்னால் சந்தி, மட்டை முகத்தை நேராக வைத்துக் கீழிருந்து மேலே தடவு. கால்கள் உங்களை அந்த இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

சர்வ்: மேலே அடிக்க வேண்டிய அடி

ஒவ்வொரு புள்ளியும் சர்வில்தான் தொடங்குகிறது. பேஸ்லைனுக்குப் பின்னால் நின்று, பந்தை மேலே போட்டு, குறுக்கே எதிர்ப்பக்கத்தில் உள்ள கட்டத்துக்குள் அடிக்க வேண்டும். அந்தக் கட்டம் வலையிலிருந்து 6.40 மீட்டர் வரைதான். இரண்டு வாய்ப்பு உண்டு. முதல் சர்வ் தவறினால் அது ஃபால்ட், இரண்டாவதும் தவறினால் புள்ளி எதிராளிக்கு. பந்து வலையின் விளிம்பில் பட்டுச் சரியான கட்டத்துக்குள் விழுந்தால் லெட், அந்த சர்வை மறுபடி போடலாம்.

உயரத்திலிருந்து கீழ்நோக்கி அடிப்பதுதான் சர்வ் என்று பலர் நினைக்கிறார்கள். இதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பேஸ்லைனிலிருந்து கோர்ட்டின் நடுவாக, வலையின் தாழ்ந்த பகுதிக்கு மேலாக, கட்டத்தின் கடைசிக் கோடு வரை ஒரு நேர்கோடு வரைய வேண்டுமானால் பந்தைச் சுமார் 2.6 மீட்டர் உயரத்தில் அடிக்க வேண்டும். சராசரி உயரமுள்ள ஒருவர் கையையும் மட்டையையும் முழுதாக நீட்டினாலும் அந்த உயரம் எட்டுவது கடினம். அதாவது நம்மில் பெரும்பாலானவர்களுக்கு நேர்கோட்டில் கீழ்நோக்கிப் போகும் சர்வ் என்று ஒன்று கிடையவே கிடையாது. புவியீர்ப்பும் சுழற்சியும் சேர்ந்துதான் பந்தை வளைத்து இறக்க வேண்டும். கீழ்நோக்கி அடிக்கிறவரின் சர்வ் வலையில் விழுவது அதனால்தான்; பந்தை மேலே பார்த்து அடியுங்கள், அது தானாக இறங்கும்.

சர்வில் எனக்கு மிகவும் பயன்பட்டது பந்து போடும் கையைக் கவனித்ததுதான். பந்தை எறியக் கூடாது. ஒரு உயரமான அலமாரியில் எதையோ வைக்கிற மாதிரி கையை நீட்டி, கண் உயரத்தைத் தாண்டியதும் விட்டுவிட வேண்டும். சரியாக வரவில்லை என்றால் அடிக்காமல் பிடித்துக்கொள்ளலாம், மட்டையை வீசாத வரை அது தவறாகக் கணக்கில் வராது. இதற்கெல்லாம் காலம் பிடிக்கும், அதுவரை இடுப்புக்குக் கீழிருந்து தட்டி சர்வ் போட விதிகளில் தடை இல்லை. ஆட்டத்தை ஆரம்பிப்பதற்கு அது போதும்.

ஸ்கோர்: மாடிப்படி மாதிரி

பூஜ்யத்துக்கு லவ் என்று பெயர். பிறகு 15, 30, 40, அதற்கு அடுத்த புள்ளி கிடைத்தால் ஒரு கேம். இருவரும் 40-ல் நின்றால் அது டியூஸ். அங்கிருந்து தொடர்ந்து இரண்டு புள்ளி எடுக்க வேண்டும், முதல் புள்ளி எடுத்தவருக்கு அட்வான்டேஜ் என்று சொல்வார்கள், அதை இழந்தால் மறுபடி டியூஸ். இரண்டு வித்தியாசத்தோடு ஆறு கேம் எடுத்தால் ஒரு செட். 6-6 என்று ஆகிவிட்டால் டைபிரேக்: அதில் 1, 2, 3 என்று சாதாரணமாக எண்ணி, இரண்டு வித்தியாசத்தோடு 7 புள்ளியை எட்ட வேண்டும். பெரும்பாலான போட்டிகளில் மூன்றில் இரண்டு செட் எடுத்தவர் வென்றவர். ஸ்கோர் சொல்லும்போது சர்வ் போடுகிறவருடைய எண்தான் முதலில் வரும்.

இந்த முறையில் எடுத்த மொத்தப் புள்ளிகளை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. மாடிப்படியில் ஒவ்வொரு தளத்தையும் எட்டியதும் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிற மாதிரி, ஒரு கேம் முடிந்ததும் அதில் எத்தனை புள்ளி வித்தியாசம் இருந்தது என்பது அழிந்துவிடுகிறது. 2019 விம்பிள்டன் ஆண்கள் இறுதிப் போட்டியில் ரோஜர் ஃபெடரர் எடுத்தது 218 புள்ளி, நோவாக் ஜோக்கோவிச் எடுத்தது 204. கோப்பை ஜோக்கோவிச்சுக்குப் போனது. அதே ஃபெடரர் 2024-ல் ஒரு பட்டமளிப்பு விழாவில் பேசும்போது தன் 1,526 ஒற்றையர் ஆட்டங்களைப் பற்றிச் சொன்னார்: ஏறக்குறைய 80 சதவீத ஆட்டங்களை அவர் வென்றிருக்கிறார், ஆனால் ஆடிய புள்ளிகளில் அவர் வென்றது 54 சதவீதம்தான்.

ஃபெடரரே இரண்டில் ஒரு புள்ளிக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் எடுத்தார் என்பது தெரிந்தபோது எனக்குப் பெரிய நிம்மதி வந்தது. ஒரு பந்தை வெளியே அடித்துவிட்டால் அடுத்த ஐந்து நிமிடம் அதையே நினைத்துக்கொண்டிருக்கும் வழக்கம் அப்போதுதான் குறைந்தது.

எதை வாங்குவது, எப்படித் தொடங்குவது

மட்டையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். தலைப்பகுதி 100 சதுர அங்குலத்தை ஒட்டி, எடை 260 முதல் 285 கிராமுக்குள் இருந்தால் பெரியவர்களில் பலருக்குப் பொருந்தும். கெட்டியான பாலியெஸ்டர் ஸ்ட்ரிங் வேண்டாம், அது வேகமாக வீசத் தெரிந்தவர்களுக்கு; நமக்குக் கைமூட்டு வலிதான் மிஞ்சும். காலணியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஓட்டத்துக்கான காலணி முன்னால் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது, டென்னிஸில் பாதி அசைவு பக்கவாட்டில், கணுக்கால் பிசகிவிடும்.

பந்து விஷயத்தில் ஒரு நல்ல செய்தி உண்டு. சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று மூன்று வகைப் பயிற்சிப் பந்துகள் கிடைக்கின்றன. வழக்கமான மஞ்சள் பந்தைவிட முறையே 75, 50, 25 சதவீதம் மெதுவானவை. குழந்தைகளுக்காக வந்தவைதான், ஆனால் பெரியவர்களும் பச்சைப் பந்திலோ ஆரஞ்சுப் பந்திலோ ஆரம்பித்தால் பந்து இடுப்பு உயரத்திலேயே வரும், யோசிக்க நேரம் கிடைக்கும். இதைக் குழந்தைகள் சாமான் என்று ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும், கற்றுக்கொள்ள இதைவிட நேரான வழி இல்லை.

முதல் நாளே பேஸ்லைனில் போய் நிற்காதீர்கள். இரண்டு பேரும் வலைக்குப் பக்கத்தில், சர்வ் கட்டத்தின் கோட்டில் நின்று மெதுவாகத் தட்டுங்கள். பந்து நிற்காமல் இருவருக்கும் இடையே போய்வந்துகொண்டிருப்பதற்கு ராலி என்று பெயர். ராலியில் தொடர்ந்து பத்து முறை அடிக்க முடிந்தால் இருவரும் ஓரிரண்டு எட்டு பின்னால் போங்கள், வரவில்லை என்றால் அங்கேயே இருங்கள். பின்னால் போகப் போகப் பலத்தைக் கூட்டத் தோன்றும். அப்போது வலைக்கு மேலே உயரத்தைக் கூட்டுங்கள். விளிம்புக்கு ஒரு மீட்டர் மேலே ஒரு கயிறு கட்டியிருப்பதாக நினைத்துக்கொண்டு, அதைத் தாண்டி அடித்துப் பழகுங்கள்.

பேஸ்லைன் வரை வந்துவிட்டால் நேராக அடிப்பதைவிடக் குறுக்கே அடியுங்கள். முன்னால் சொன்ன தாழ்ந்த வலை இங்கே உதவிக்கு வருகிறது: குறுக்கே போகும் பந்து வலையைத் தாழ்ந்த நடுப்பகுதியை ஒட்டிக் கடக்கிறது. தூரமும் கூடுதல், ஒற்றையர் கோர்ட்டின் மூலைக்கு மூலை 25.15 மீட்டர், நேர்நீளத்தைவிடக் கிட்டத்தட்ட 1.4 மீட்டர் அதிகம்.

பந்து வெளியே போகும்போது அது வலையை எவ்வளவு உயரத்தில் தாண்டியது என்று கவனியுங்கள். ரொம்ப உயரமாகத் தாண்டியிருந்தால் மட்டையின் முகம் வானத்தைப் பார்த்திருக்கிறது, பிடியையும் பந்தைச் சந்தித்த இடத்தையும் சரிபார்க்க வேண்டும். சரியான உயரத்தில் தாண்டியும் வெளியே போயிருந்தால் தடவல் போதவில்லை, மட்டை இன்னும் கீழிருந்து ஆரம்பிக்க வேண்டும். வலையில் விழுந்திருந்தால் பெரும்பாலும் முழங்கால் மடங்கவில்லை, மட்டை பந்துக்குக் கீழே இறங்கவே இல்லை.